பூ தைக்கப் போய்: வியோலெத்தா பார்ராவின் பாட்டும் ஊசியும்

1950களின் கடைசியில் சிலி நாட்டுப் பாடகி ஒருவர் கல்லீரல் அழற்சியால் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். கைக்கெட்டும் தூரத்தில் கம்பளி நூலும் ஒரு துண்டுத் துணியும் இருந்தன. சும்மா கிடக்கப் பிடிக்காமல் ஊசியை எடுத்தார். பூ ஒன்றைத் தைக்கப் பார்த்தார்; வரவில்லை. தைத்து முடித்தபோது துணியில் இருந்தது ஒரு புட்டி. சரி, புட்டிக்கு மூடி போடுவோம் என்று தக்கையைத் தைத்தார். தக்கை தலை மாதிரி வந்தது. தலை என்றால் கண் வேண்டும், மூக்கு வேண்டும், வாய் வேண்டும். ஒவ்வொன்றாக வைத்தார். கடைசியில் துணிக்குள்ளிருந்து ஒரு பெண்மணி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் பூத்தையல் தொடங்கிய கதையைப் பின்னாளில் பேட்டியொன்றில் வியோலெத்தா பார்ரா இப்படித்தான் சொன்னார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததே என்று நாம் தலையில் அடித்துக்கொள்ளும் இடம் அது. அவரோ அந்தக் குரங்கை உட்காரவைத்து நலம் விசாரித்தார். அதற்குப் பின் ஐந்தாறு ஆண்டுகளில், 1964இல், அவர் தைத்த துணிகள் பாரிஸில் லூவ்ர் அரண்மனைக் கட்டடத்தின் ஒரு பகுதியில் தொங்கின.

வியோலெத்தாவைப் பற்றி எழுதுவோர் பலரும் 'தானாகக் கற்றவர்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அவர் இசைப் பள்ளியிலும் படிக்கவில்லை, ஓவியப் பள்ளியிலும் படிக்கவில்லை என்ற அளவில் அது உண்மை. ஆனால் அந்தச் சொல்லை உரசிப் பார்த்தால் உள்ளே வேறொன்று தெரிகிறது. தமிழில் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: கேள்வி ஞானம். கேட்பவர் இருந்தால் பாடுபவர் ஒருவர் இருந்தாக வேண்டும். யாரைக் கேட்டார், கேட்டதை என்ன செய்தார், காதால் கற்ற அந்த வழி எப்படி விரலுக்குள் இறங்கியது என்பவையே இங்கு நம் கேள்விகள்.

தாயின் தையல், தந்தையின் கிதார்

வியோலெத்தா 1917 அக்டோபர் 4 அன்று தென்மத்திய சிலியின் ஞூப்ளே பகுதியில் பிறந்தார். சான் கார்லோஸ், சான் ஃபாபியான் என இரண்டு ஊர்கள் அவரைத் தங்கள் மகள் என்கின்றன. தந்தை நிக்கனோர் பார்ரா தொடக்கப் பள்ளியில் இசை ஆசிரியர். தாய் கிளாரிசா சாந்தோவல் குடியானவக் குடும்பத்துப் பெண். துணி தைப்பார், நாட்டுப்புறப் பாடல்களைப் பாடுவார். பிள்ளைகள் பலர். மூத்தவரான இன்னொரு நிக்கனோர் பின்னாளில் 'எதிர்க்கவிதை' என்ற போக்கைத் தொடங்கிய பெருங்கவிஞர் ஆனார்.

குழந்தைப் பருவத்தில் கண்ட பெரியம்மை வியோலெத்தாவின் முகத்தில் ஆயுளுக்கும் தழும்பை விட்டுப் போனது. தந்தைக்குத் தன் பிள்ளைகள் பாட்டுக்காரர்கள் ஆவதில் விருப்பமில்லை. கிதாரை எட்டாமல் வைத்திருந்தார். சிறுமி அதைக் களவாக எடுத்து, பெரியவர்கள் விரல் வைப்பதைப் பார்த்த நினைவிலேயே வாசிக்கப் பழகினாள். ஒன்பது வயதில் கிதார் கைக்கு வந்தது. பன்னிரண்டு வயதளவில் சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கினாள்.

1920களின் இறுதியில், அதிபர் இபாஞ்ஞெஸின் ஆட்சிக் காலத்தில் தந்தை வேலை இழந்தார், குடியில் விழுந்தார், சில ஆண்டுகளில் இறந்தும் போனார். தாயின் தையல் குடும்பத்துக்குச் சோறு போட்டது. பிள்ளைகள் இரயில்களிலும் சர்க்கஸ்களிலும் உணவு விடுதிகளிலும் பாடிச் சில்லறை சேர்த்தார்கள். பாட்டும் தையலும் அந்த வீட்டில் பொழுதுபோக்காக இருந்ததில்லை. இரண்டும் அடுப்பெரிக்கும் வேலைகள். துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைத்த தாயின் கை மகளின் கண்ணில் நின்றது. படுக்கையில் கிடந்த நாற்பது வயதுப் பெண் முதன்முதலாக ஊசியை எடுத்தபோது அவர் வெறுங்கையோடு தொடங்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நகரமும் நகலும்

1932இல், பதினைந்து வயதில், அண்ணன் அழைத்து சாந்தியாகோவுக்குப் போனார். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார், நிலைக்கவில்லை. உடன்பிறந்தவர்களும் வந்து சேர, மப்போச்சோ ஆற்றையொட்டிய மதுக்கடைகளில் பாடத் தொடங்கினார்கள். வியோலெத்தாவும் சகோதரி ஹில்தாவும் 'பார்ரா சகோதரிகள்' என்ற பெயரில் இசைத்தட்டுகளும் வெளியிட்டார்கள். மெக்சிகோவின் ராஞ்ச்சேரா, கியூபாவின் பொலேரோ, அர்ஜென்டினாவின் டாங்கோ என்று அன்றைய வானொலி எதை விரும்பியதோ அதையே மதுக்கடையும் விரும்பியது. 1940களில் ஸ்பானிய மோகம் வீசியபோது 'வியோலெத்தா தெ மாயோ' என்ற மேடைப் பெயரில் ஸ்பெயின் நாட்டுப் பாட்டும் ஆட்டமும் நிகழ்த்தினார்.

இடையில் 1938இல் இரயில்வே ஊழியர் ஒருவரை மணந்து இசபெல், ஆங்ஹெல் என்ற இரு பிள்ளைகளைப் பெற்றார். வீட்டோடு இருக்கும் மனைவியாக அவரால் ஆக முடியவில்லை. 1948இல் பிரிந்தார்கள். அடுத்த ஆண்டு மறுமணம்.

இந்த இருபது ஆண்டுகளை வாழ்க்கை வரலாறுகள் வேகமாகக் கடந்துவிடுகின்றன. ஆனால் இது முக்கியமான காலம். கேட்டதைக் கேட்டபடி திருப்பிப் பாடும் திறன் இங்கேதான் அவருக்கு முற்றியது. கேள்வி ஞானத்தின் முதல் படி அது. நகல் எடுப்பதில் தேர்ந்தவருக்குத்தான் நகல் எங்கே பிசகுகிறது என்பதும், அந்தப் பிசகில் என்ன முளைக்கிறது என்பதும் தெரியவரும்.

குடிசைகளில் இருந்த பல்கலைக்கழகம்

1950களின் தொடக்கத்தில் அண்ணன் நிக்கனோர் இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பியிருந்தார். சிலியின் பழைய மக்கள் பாடல் வடிவங்களை அவர் ஆராய்ந்துகொண்டிருக்க, தங்கையையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். 1953 வாக்கில் வியோலெத்தா மேடைப் பாட்டை ஓரங்கட்டிவிட்டு, ஒரு நோட்டும் கிதாரும் எடுத்துக்கொண்டு கிழவர் கிழவிகளைத் தேடிப் புறப்பட்டார். சாந்தியாகோவின் விளிம்பில் இருந்த பார்ராங்க்காஸில் ரோசா லோர்கா என்ற மூதாட்டி இருந்தார்; மருத்துவச்சி, நாட்டு வைத்தியம் தெரிந்தவர், இறந்த குழந்தைகளுக்கு அலங்காரம் செய்பவர். புவெந்தே ஆல்த்தோவில் இசையாஸ் ஆங்குலோ என்ற குடியானவர் இருந்தார். 25 தந்திகள் கொண்ட 'கித்தர்ரோன்' வாசிப்பவர். இப்படிப் பலர். ஒவ்வொருவரும் ஒரு நூலகம்.

அவர்களிடம் அவர் கற்றது வெறும் மெட்டு மட்டுமில்லை. 'தெசிமா' என்ற பத்தடிச் செய்யுள் வடிவத்தைக் கற்றார். ஸ்பெயினிலிருந்து பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் வந்து, எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர் நாவில் தங்கிவிட்ட வடிவம் அது. அதில் ஒரு நுட்பமான வகை உண்டு. முதலில் நான்கு அடிகள். பிறகு நான்கு தெசிமாக்கள். முதல் தெசிமாவின் கடைசி அடி அந்த நான்கில் முதலாவதாக இருக்க வேண்டும், இரண்டாவதன் கடைசி அடி இரண்டாவதாக, இப்படியே. அதாவது, எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது பாடகனுக்கு முன்கூட்டியே தெரியும். எந்த வழியாகப் போவது என்பது அவன் பாடு. இந்தக் கட்டுப்பாடும் இந்தச் சுதந்திரமும் சேர்ந்ததுதான் வியோலெத்தாவுக்குக் கிடைத்த பள்ளிக்கூடம்.

குழந்தை இறந்தால் குடியானவர்கள் நடத்தும் 'ஆங்ஹெலித்தோ' இரவும் அவர் திரட்டியவற்றில் ஒன்று. இறந்த குழந்தைக்கு வெள்ளை உடுத்தி, தேவதை போல இறக்கை வைத்து, உட்காரவைத்த நிலையில் அலங்கரிப்பார்கள். பாடகர்கள் விடிய விடியப் பாடுவார்கள். கடைசியில் குழந்தையே தாயிடம் விடைபெறுவது போன்ற பாட்டு வரும். தாய் அழக் கூடாது. கண்ணீர் பட்டால் இறக்கை நனைந்து குழந்தை பறக்க முடியாமல் போகும் என்பது நம்பிக்கை. 1955இல் வியோலெத்தா வார்சாவில் நடந்த உலக இளைஞர் விழாவுக்குப் போனார். அவர் அங்கே இருந்தபோது சிலியில் விட்டுவந்த கைக்குழந்தை ரோசித்தா கிளாரா இறந்த செய்தி வந்தது. அதுவரை சேகரிப்பாளராக அவர் கேட்ட பாட்டு இப்போது அவருடைய சொந்தப் பாட்டாயிற்று. தெசிமாக்களில் அவர் எழுதிய தன்வரலாற்றில் அந்தத் துயரம் வருகிறது. பின்னாளில் அதே சடங்கை வண்ணத்தில் தீட்டினார். இறப்பதற்கு முந்தைய ஆண்டு வெளியான இசைத்தட்டிலும் அது ஒரு பாட்டாக நிற்கிறது. ஒரே பொருள் ஒரு கலையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோனதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

1954இல் சிலி வானொலியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி வந்தது. வார்சாவுக்குப் பின் பாரிஸில் தங்கிய காலத்தில் இலத்தீன் வட்டாரத்து மதுக்கூடத்தில் பாடினார், இசைத்தட்டு பதிந்தார். திரும்பி வந்தபின் கொன்செப்சியோன் பல்கலைக்கழகத்துக்காக நாட்டார் கலை அருங்காட்சியகம் ஒன்றை உருவாக்கினார். இத்தனைக்கும் அவருக்கு இசைக்குறியீடு எழுதத் தெரியாது. அவர் திரட்டிய பாடல்களைக் குறியீட்டில் ஏற்றியவர் காஸ்தோன் சூப்லெத் என்ற இசையறிஞர். வியோலெத்தா பாட, சூப்லெத் எழுத, சிலி மக்களின் செவிவழிச் சொத்து காகிதத்துக்கு வந்தது.

குறியீடு தெரியாதது குறை என்று எண்ணுபவர்கள் 'எல் கவிலான்' என்ற அவருடைய படைப்பைக் கேட்க வேண்டும். 'வல்லூறு' என்று பொருள். 1950களின் பிற்பகுதியில் கிதாருக்கும் குரலுக்குமாக அமைத்த நீண்ட படைப்பு. நாட்டுப்புறத் தாளத்தில் தொடங்கி, எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த சுரம் விழாமல், கரடுமுரடான ஒலிகளுக்குள் புகுந்து, சொற்களையே அசை அசையாக உடைத்துத் திக்கித் திணறவைக்கிறது. கல்விக்கூடத்து நவீன இசையமைப்பாளர்கள் கோட்பாட்டின் வழியாகச் சென்ற பக்கத்துக்கு இவர் விரல் வழியாகப் போய்ச் சேர்ந்தார். விரல் பிசகிய இடத்தைத் திருத்தாமல் அது எங்கே கூட்டிப்போகிறது என்று பின்தொடர்ந்தார் என்றுதான் அதைக் கேட்கும்போது தோன்றுகிறது. பூ புட்டியான கதை துணிக்கு முன்பே தந்தியில் நடந்துவிட்டது.

கோணியில் ஒரு பாட்டு

'அர்பியேரா' என்ற ஸ்பானியச் சொல்லுக்குக் கோணித்துணி என்று பொருள். மூட்டை கட்டும் சணல் துணி. அதன்மேல் கம்பளி நூலால் வியோலெத்தா தைத்தவற்றுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பிறகு சாயமேற்றிய வேறு துணிகளிலும் தைத்தார்.

பட்டுத்துணியில் பட்டுநூலால் செய்யும் பூவேலையோடு இதை ஒப்பிடக் கூடாது. சணலின் நெசவு பெருங்கண்ணி. தடித்த நூல் தாராளமாக நுழையும். நுணுக்கமான நிழலும் வளைவும் அதில் எடுபடாது. தடித்த கோடுதான் எடுபடும். ஆகவே அவருடைய உருவங்கள் தட்டையானவை. நூல் கோடாக ஓடி உருவத்தின் எல்லையை வரைகிறது; பிறகு அதையொட்டியே உள்ளுக்குள் ஓடி நிரப்புகிறது. பல இடங்களில் சணல் வெறுமையாகவே விடப்பட்டிருக்கும். பாட்டில் மூச்சுவிடும் இடம் போல அது நிற்கும். கிதார், பறவை, செடி, மனித முகம் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்ததுபோல் பின்னிக் கிடக்கும்.

முன்கூட்டி வரைந்துகொள்வது கிடையாது. தனக்கு வரையத் தெரியாது என்று அவரே சொன்னார். 1965இல் சுவிஸ் தொலைக்காட்சி அவரைப் பூத்தையல் கலைஞராகவே பெயரிட்டு ஓர் ஆவணப்படம் எடுத்தது. பத்திரிகையாளர் மதலேன் ப்ருமாஞ் அதில் அவரைப் பேட்டி கண்டார். உலகத்திலேயே எளிதான வேலை இது, கற்பனை செய்வது எல்லாருக்கும் வரும், தனக்கு மட்டுமான திறமை அன்று என்பது வியோலெத்தாவின் பேச்சு. இதை அவையடக்கம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தெசிமா பாடும் குடியானவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவார். போய்ச் சேர வேண்டிய அடி தெரியும், வழியைப் பாடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம் என்ற பழக்கம் உள்ளவருக்குத் துணியின் நான்கு விளிம்பும் அந்த நான்கு அடிகள் மாதிரி. அர்பியேரா என்பது வண்ணத்தில் வரைந்த பாட்டு என்ற பொருள்பட அவர் சொன்னது பிரபலமாகிவிட்டது. பலர் அதை அழகான உவமையாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது செய்முறை விளக்கமாகவே படுகிறது.

துணியில் அவர் சொன்ன செய்திகளும் பாட்டுக்காரியின் செய்திகளே. 1879இன் இக்கிக்கே கடற்போர், ஸ்பானியர்களை எதிர்த்த மாப்புச்சே தலைவன் காவ்பொலிக்கான், சர்க்கஸ், குவெக்கா ஆட்டம், உழவர் கலகம் என்று தெருப்பாடகன் பாடும் கதைகள் எல்லாம் கம்பளியாயின. 'போருக்கு எதிராக' என்ற துணி ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலம். அதில் நிற்கும் மனிதர்களுக்கு மேல் ஆளுக்கொரு பூ. அந்தப் பூக்கள் அவரவர் ஆன்மா என்றும், ஊதா நிறத்தில் இருப்பது தான் என்றும் அவர் விளக்கினார். 'வியோலெத்தா' என்றால் ஊதாப்பூ. பக்கத்தில் ஒரு துப்பாக்கி, அது சாவு. முதன்முதலில் தைக்க முடியாமல் போன பூ சில ஆண்டுகளில் இப்படித் திரும்பி வந்தது.

லூவ்ர் என்ற பெயரும் ஒரு பக்கவாசலும்

1962இல் பிள்ளைகளோடு ஹெல்சிங்கி இளைஞர் விழாவுக்குப் போனவர் ஐரோப்பாவிலேயே தங்கினார். பாரிஸ் பாதி, ஜெனீவா பாதி. ஜெனீவாவில் அவருடைய துணையாக இருந்தவர் ஜில்பெர் ஃபாவ்ர் என்ற சுவிஸ் இசைக்கலைஞர்.

1964 ஏப்ரல், மே மாதங்களில் பாரிஸ் அலங்காரக் கலைகள் அருங்காட்சியகம் அவருடைய தனிக் கண்காட்சியை நடத்தியது. 22 அர்பியேராக்கள், 26 எண்ணெய் ஓவியங்கள், 13 கம்பிச் சிற்பங்கள். லத்தீன் அமெரிக்கக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அப்படியொரு தனிக் கண்காட்சி கிடைத்தது அதுவே முதல்முறை. வியோலெத்தா கூடத்திலேயே உட்கார்ந்து தைத்தார், கிதார் வாசித்தார், வந்தவர்களோடு பேசினார்.

'லூவ்ரில் காட்சிவைத்த முதல் லத்தீன் அமெரிக்கர்' என்று இதை வழக்கமாகச் சொல்கிறார்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்த அருங்காட்சியகம் இருப்பது லூவ்ர் அரண்மனையின் மார்சான் பகுதியில். ஆனால் 'மோனாலிசா' தொங்கும் லூவ்ர் அருங்காட்சியகம் வேறு, இது வேறு. இரண்டுக்கும் தனித்தனி நிர்வாகம். இதைச் சொல்வதால் வியோலெத்தாவின் பெருமை குறையாது. மாறாக, கலையுலகின் சாதிப்பிரிவு தெளிவாகத் தெரியும். எண்ணெய் வண்ணம் கலை, ஊசிநூல் கைவேலை. ஓவியங்களும் சிற்பங்களும் சேர்ந்து இருந்தும், ஊசி பிடித்த பெண்ணுக்குத் திறந்தது நாற்காலியும் திரைச்சீலையும் பீங்கானும் வைக்கும் வாசல்தான். இசையிலும் அவருக்கு இதே கதை. குடியானவர் பாடினால் நாட்டார் பாட்டு; கல்விக்கூடத்தார் எழுதினால் இசை. இரண்டு துறையிலும் இரண்டாம் வரிசையில் வைக்கப்பட்டவற்றை எடுத்துக்கொண்டு, வரிசையைப் பொருட்படுத்தாமல் வேலை செய்தவர் அவர்.

கூடாரம்

1965இல் நாடு திரும்பினார். இசபெல்லும் ஆங்ஹெலும் சாந்தியாகோவில் நடத்திய 'பெஞ்ஞா தெ லோஸ் பார்ரா' இளைஞர்கள் கூடும் பாட்டுக்கூடமாகியிருந்தது. விக்தோர் ஹாரா போன்றவர்கள் அங்கே பாடி வளர்ந்தார்கள். 'புதிய பாட்டு' என்ற இயக்கம் திரண்டது. தாய்க்கு வேறொரு கனவு. அந்த ஆண்டு இறுதியில் நகரின் ஓரத்தில், லா ரெய்னாவில், பெரிய கூடாரம் ஒன்றை எழுப்பினார். நாட்டார் கலைகளின் பல்கலைக்கழகமாக அதை ஆக்க நினைத்தார். பாட்டு, ஆட்டம், மண்வேலை, பூத்தையல் எல்லாம் அங்கே கற்கலாம். கூடவே சூடான சோறும் கிடைக்கும். நகர மையத்திலிருந்து தொலைவு, மழையும் சேறும். கூட்டம் வரவில்லை. ஃபாவ்ரும் பிரிந்து பொலிவியாவுக்குப் போனார்.

அந்தக் கூடாரக் காலத்தில் பிறந்ததுதான் 'கடைசிப் படைப்புகள்' என்ற இசைத்தட்டு. 1966இல் வெளியானது, 14 பாடல்கள். முதல் பாட்டு, வாழ்வுக்கு நன்றி சொல்லும் 'கிராசியாஸ் ஆ லா வீதா'. கண்ணுக்கு நன்றி, காதுக்கு நன்றி, ஒலிக்கும் எழுத்துக்கும் நன்றி, களைத்த கால்களின் நடைக்கு நன்றி, சிரிப்புக்கும் அழுகைக்கும் நன்றி என்று உடம்பின் கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் பாட்டு அது. ஏட்டில் படிக்காமல், உடம்பையே பள்ளிக்கூடமாக வைத்துக் கற்ற ஒருவர் தன் ஆசிரியர்களுக்குச் செலுத்தும் குருதட்சிணை மாதிரி அது ஒலிக்கிறது. 1967 பிப்ரவரி 5 அன்று அதே கூடாரத்தில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 49. நன்றிப் பாட்டையும் இந்த முடிவையும் ஒன்றுக்கொன்று விளக்கமாக்கப் பலர் முயல்கிறார்கள். இரண்டும் உண்மை என்பதற்குமேல் அங்கே சொல்வதற்கில்லை.

கோணி கைமாறியது

1971இல் அர்ஜென்டினாவின் மெர்செதெஸ் சோசா அவருடைய பாடல்களைத் தொகுத்துப் பாட, அந்த நன்றிப் பாட்டு கண்டமெங்கும் பரவியது. 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. விக்தோர் ஹாரா கொல்லப்பட்டார். ஆங்ஹெல் சிறைப்பட்டுப் பின் நாடு கடந்தார். இசபெல்லும் அயல்நாட்டில் வாழ நேர்ந்தது.

அடுத்த ஆண்டிலிருந்து, காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவியரும் தேவாலய அமைப்புகளின் நிழலில் கூடி, மாவுச் சாக்கின்மேல் ஒட்டுத்துணிகளை வைத்துத் தைக்கத் தொடங்கினார்கள். சிறை வாசல், பொதுச் சமையல், "எங்கே அவர்கள்?" என்ற கேள்வி. காணாமற்போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தவர்களும் உண்டு. இவற்றுக்கும் 'அர்பியேரா' என்றே பெயர். வியோலெத்தாவுடையது கம்பளிக் கோட்டு வேலை, இவர்களுடையது ஒட்டுவேலை. இவர்கள் அவருடைய மாணவிகள் என்று நேர்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் வரையத் தெரியாத கை, கோணித்துணியில் சேதி சொல்லலாம் என்பதை அந்த நாடு முன்பே ஒருமுறை பார்த்திருந்தது.

2015 அக்டோபர் 4 அன்று சாந்தியாகோவில் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்தது. பக்கத்துச் சதுக்கம் மக்கள் எழுச்சியின் மையமானபோது, 2020 பிப்ரவரியில் கட்டடம் தீக்கிரையானது. துணிகள் முன்னரே வேறிடம் கொண்டுபோகப்பட்டிருந்ததால் பிழைத்தன.

பாட்டு, கவிதை, ஓவியம், பூத்தையல் இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் எதை எடுப்பீர்கள் என்று அந்த சுவிஸ் படத்தில் அவரைக் கேட்கிறார்கள். மனிதர்களோடு இருப்பதை எடுத்துக்கொள்வேன், இதையெல்லாம் செய்ய என்னைத் தூண்டுவதே அவர்கள்தான் என்று வருகிறது பதில். பேட்டி காண்பவர் கலைகளைப் பட்டியலிட்டுக் கேட்டார். இவரோ ரோசா லோர்காவையும் இசையாஸ் ஆங்குலோவையும் தையல்காரத் தாயையும் நினைத்துச் சொன்னதாகவே எனக்குக் கேட்கிறது.